தலைமடை உழவரும் கடைமடை நகரமும்

ஸ்ரீபெரும்புதூர் பாராளுமன்றத் தொகுதியில் ஏரிப்பாசன விவசாயியின் வாக்கு

2024ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் தேதி தமிழ்நாட்டில் பாராளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு நடைபெற்றது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மணிமங்கலம், சோமங்கலம் வட்டாரங்களில் அது நவரை நெல் அறுவடைக்கு வரும் காலம். சொர்ணவாரிக்கு நாற்றங்கால் தயாரிக்கும் காலமும் அதுவே. களத்து வேலையை ஒரு பொழுது நிறுத்திவிட்டு வாக்களித்துத் திரும்பும் விவசாயிக்கு இரண்டு கேள்விகள் எழுவது இயல்பு. தொழிற்சாலைகளும் நகரக் குடியிருப்புகளும் நிறைந்துவிட்ட இத்தொகுதியில் தன் ஒரு வாக்குக்கு என்ன மதிப்பு? தன் ஊர் ஏரிக்கு வரும் தண்ணீருக்கும், டெல்லிக்கு அனுப்பும் உறுப்பினருக்கும் என்ன தொடர்பு?

இவற்றுக்கு விடை காண, தொகுதியின் வரைபடத்தையும் அதன் ஊடே ஓடும் அடையாற்றின் வரைபடத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நலம்.

தொகுதி மாறிய விதம்

ஸ்ரீபெரும்புதூர் நீண்ட காலம் தனித் தொகுதியாக இருந்தது. 1984, 1989, 1991 ஆகிய மூன்று தேர்தல்களில் திருமதி மரகதம் சந்திரசேகர் இங்கிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். 1991 மே 21ஆம் தேதி அவருக்கு ஆதரவாகப் பேச வந்த முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி இவ்வூரில்தான் குண்டுவெடிப்பில் உயிரிழந்தார். அந்நாளில் நெடுஞ்சாலையின் இருபுறமும் பெரும்பாலும் ஏரியும் வயலும் தோப்பும்தான்.

1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை வந்தது. அதன்பின் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் எனச் சிப்காட் தொழிற்பேட்டைகள் விரிந்தன. கார், லாரி, மோட்டார் சைக்கிள், கைத்தொலைபேசி முதலியன இங்கிருந்து உலகம் முழுவதும் போகின்றன.

2008ஆம் ஆண்டு எல்லை மறுவரையறையில் தொகுதியின் உருவமே மாறியது. அது பொதுத் தொகுதியாயிற்று. மதுரவாயல், அம்பத்தூர், ஆலந்தூர், பல்லாவரம், தாம்பரம், ஸ்ரீபெரும்புதூர் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள் இதில் அடங்கும். இவற்றில் முதல் ஐந்தும் சென்னையை ஒட்டிய நகரப் பகுதிகள். ஏரிப்பாசன வேளாண்மை ஓரளவு எஞ்சியிருப்பது ஸ்ரீபெரும்புதூரில் மட்டுமே.

புதிய எல்லையில் முதல் தேர்தல் 2009இல் நடந்தது. அதில் தி.மு.க.வின் டி.ஆர். பாலு சுமார் 25 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2014இல் அ.தி.மு.க.வின் கே.என். ராமச்சந்திரன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றார். 2019இலும் 2024இலும் மீண்டும் டி.ஆர். பாலு. 2024இல் வித்தியாசம் சுமார் 4 லட்சத்து 87 ஆயிரம். அத்தேர்தலில் தொகுதியின் வாக்காளர் எண்ணிக்கை 23 லட்சத்தைத் தாண்டியிருந்தது.

வித்தியாசமே லட்சக்கணக்கில் இருக்கும்போது, சில ஆயிரம் ஏரிப்பாசனக் குடும்பங்கள் ஒன்றாக நின்றாலும் முடிவை மாற்றுவது அரிது. "விவசாயி ஓட்டு இல்லாமலே ஜெயித்துவிடுவார்கள்" என்று ஊரில் பேசுவதில் உண்மை உண்டு. ஆனால் அது பாதி உண்மைதான். மறுபாதி ஆற்றில் இருக்கிறது.

ஒரே ஆறு, ஒரே தொகுதி

அடையாறு மலையில் பிறந்து வரும் ஆறு அன்று. ஏரிகளின் உபரி நீரால் உண்டாகும் ஆறு. ஆதனூர் ஏரியில் தொடங்குவதாகச் சொல்லப்படும் இவ்வாற்றில் ஒரத்தூர், மணிமங்கலம், சோமங்கலம் பக்கத்து ஏரிகளின் கலிங்கல் தண்ணீரும் வந்து சேர்கிறது. முடிச்சூர், வரதராஜபுரம் வழியாக ஓடி, திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீரையும் பெற்று, அனகாபுத்தூர், மணப்பாக்கம், நந்தம்பாக்கம் கடந்து சென்னையில் கடலில் கலக்கிறது. மொத்த நீளம் சுமார் 42 கிலோமீட்டர்தான்.

இந்த ஊர்ப் பெயர்களைச் சட்டமன்றத் தொகுதிகளோடு பொருத்திப் பார்த்தால் ஒரு செய்தி விளங்கும். ஆற்றின் தலைமடை ஏரிகள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம். நடுப்பகுதி தாம்பரம், பல்லாவரம். அதற்குக் கீழே ஆலந்தூர். மேலே ஏரி வைத்திருக்கும் உழவரும், கீழே ஆற்றங்கரையில் வீடு கட்டியிருக்கும் நகரவாசியும் ஒரே உறுப்பினரைத்தான் பாராளுமன்றத்துக்கு அனுப்புகிறார்கள். மேலே ஏரி தூர்ந்தால், வரத்துக் கால்வாய் அடைபட்டால், கலிங்கல் உடைந்தால், உழவருக்குப் பாசனம் போகும். நகரவாசிக்கு வீட்டில் வெள்ளம் வரும். இருவர் குறையும் ஒரே இடத்தில் பிறப்பது.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் இது கண்கூடாகத் தெரிந்தது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டது. அத்துடன் மேல்பகுதி ஏரிகளின் உபரி நீரும் சேர்ந்து அடையாற்றில் பாய்ந்தது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. செம்பரம்பாக்கத்தின் மதகைப் பற்றி மாநிலமே பேசியது. அதற்கு மேலேயும் பக்கத்திலும் உள்ள சிறு ஏரிகளைப் பற்றி அவ்வளவு பேச்சு எழவில்லை.

வயல் தாங்கும் மழை: ஒரு கணக்கு

நெல் வயலின் வரப்பு அரை அடி உயரம் இருந்தால், 10 சென்டிமீட்டர் மழை பெய்தாலும் தண்ணீர் வயலிலேயே நிற்கும். ஓர் ஏக்கரில் 10 சென்டிமீட்டர் மழை என்பது சுமார் 4 லட்சம் லிட்டர் தண்ணீர். அதே ஓர் ஏக்கரில் சிமெண்டுத் தளமும் தகரக் கூரையும் போட்டுவிட்டால், அந்த 4 லட்சம் லிட்டரில் பெரும்பகுதி சில மணி நேரத்தில் வடிகாலுக்கு வந்துவிடும். ஆயிரம் ஏக்கர் நஞ்சை இவ்வாறு மாறினால், ஒரு நாள் மழையில் சுமார் 40 கோடி லிட்டர், அதாவது ஏறத்தாழ 14 மில்லியன் கன அடித் தண்ணீர், வயலில் நிற்பதற்குப் பதிலாக ஆற்றுக்கு வரக்கூடும்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். 49 சென்டிமீட்டர் மழையை எந்த வரப்பும் தாங்காது. அத்தகைய நாளில் வயலும் வழிந்துதான் தீரும். ஆனால் ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவத்தில் பெய்யும் 10, 15 சென்டிமீட்டர் மழைகளில் வயலும் ஏரியும் செய்யும் வேலை சிறிதன்று. மழைநீரை நிறுத்தி, மெதுவாக விட்டு, கிணறுகளுக்கும் ஊற்றுக் கொடுப்பவை அவையே.

ஏரியைத் தூர் வாருவதற்கும் இப்படியே கணக்குப் பார்க்கலாம். ஏரியில் ஓர் ஏக்கர் பரப்பில் ஓர் அடி வண்டல் எடுத்தால் 43,560 கன அடி, அதாவது சுமார் 12 லட்சம் லிட்டர் கூடுதலாகத் தேங்கும். ஒரு போக நெல்லுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் தேவை. ஏக்கருக்கு அது சுமார் 48 லட்சம் லிட்டர். ஆகவே நாலு ஏக்கர் பரப்பில் ஓர் அடி வண்டல் எடுப்பது, சேதாரம் நீங்கலாக, ஓர் ஏக்கர் நெல்லுக்கான தண்ணீரைச் சேர்ப்பதற்குச் சமம். கேழ்வரகுக்கு 350 மில்லிமீட்டர் போதும். உளுந்துக்கு அதனினும் குறைவு. ஏரி பாதி நிறைந்த ஆண்டில் நவரைக்கு நெல்லைக் குறைத்து இவற்றைப் பயிரிடுவது தேர்தலுக்குக் காத்திராமல் விவசாயி தாமே செய்துகொள்ளக் கூடியது. எடுத்த வண்டலை மணற்பாங்கான வயலுக்கு இட்டால் ஈரப்பிடிப்பும் கூடும்.

எது யார் பொறுப்பு?

தேர்தல் காலத்தில் எல்லா வேட்பாளர்களும் எல்லாவற்றையும் செய்து தருவதாகச் சொல்வதுண்டு. எது யார் கையில் உள்ளது என்று தெரிந்து கேட்டால்தான் பதில் பொறுப்பாக வரும்.

ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகள் மாநில அரசின் நீர்வளத் துறையைச் சேர்ந்தவை. இத்துறை 2021இல் பொதுப்பணித் துறையிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது. அதற்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை. மதகு பழுது, கரை பலப்படுத்தல், 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏரி ஆக்கிரமிப்பை அகற்றுதல் ஆகியவை மாநில அரசின் வேலை. இவற்றைச் சட்டமன்ற உறுப்பினரிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் கேட்பதே முறை. 2000ஆம் ஆண்டுப் பாசன மேலாண்மைச் சட்டப்படி ஆயக்கட்டுதாரர்களே வாக்களித்து நீரைப் பயன்படுத்துவோர் சங்கத் தலைவரைத் தேர்ந்தெடுக்கவும் வழி உண்டு.

நிலம் எடுப்பதில் இரண்டு சட்டங்கள் உள்ளன. 2013ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், நிலம் எடுக்கும் முன் சமூகப் பாதிப்பு ஆய்வு நடத்தச் சொல்கிறது. சிப்காட் போன்ற தொழில் நோக்கங்களுக்குப் பயன்படுவது 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம். இழப்பீடு, மறுவாழ்வு ஆகியவற்றுக்கு மத்தியச் சட்டத்தின் அளவு இதற்கும் பொருந்தும். ஆனால் சமூகப் பாதிப்பு ஆய்வு கட்டாயமில்லை. இவ்வேற்பாடு செல்லும் என 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டு நில ஒருங்கிணைப்புச் சட்டமோ, 100 ஹெக்டேருக்குக் குறையாத, நீர்நிலையும் உள்ளடங்கிய நிலத்தில் அமையும் சிறப்புத் திட்டங்களுக்கானது. இவ்விரு மாநிலச் சட்டங்களையும் ஏரிப்பாசன விவசாயிகள் அறிந்திருப்பது அவசியம்.

பாராளுமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டியவை

அப்படியானால் எம்.பி.யிடம் கேட்க என்ன இருக்கிறது? குறைந்தது ஐந்து விஷயங்கள் உண்டு.

1. ஈரநில விதி: மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகள், பாசனத்துக்காக மனிதர் வெட்டிய நீர்நிலைகளை 'ஈரநிலம்' என்ற இலக்கணத்திலிருந்து விலக்குகின்றன. இந்த வட்டாரத்து ஏரிகள் பெரும்பாலும் மனிதர் வெட்டியவையே. பறவையும் மீனும் வாழ்ந்து, நிலத்தடி நீருக்கு ஊற்றாக இருந்தாலும், பாசன ஏரி என்ற காரணத்தால் அவ்விதியின் பாதுகாப்பு அவற்றுக்குக் கிடைப்பதில்லை. இதை மாற்றும்படி கோர வேண்டிய இடம் டெல்லிதான்.

2. ஏரி புனரமைப்பு நிதி: நீர்நிலைகளைப் பழுதுபார்த்துப் புதுப்பிக்க மத்திய அரசின் திட்டம் உண்டு. எந்தெந்த ஏரி அதற்குப் பரிந்துரைக்கப்பட்டது, ஏன் விடுபட்டது என்று உறுப்பினர் கேட்கலாம். அவையில் கேள்வியாகவும் எழுப்பலாம். அமைச்சரின் பதில் அச்சில் வரும். அது மறைக்க முடியாத சான்று.

3. கண்காணிப்புக் குழு: மத்திய நிதியில் மாவட்டத்தில் நடக்கும் பணிகளைப் பரிசீலிக்கும் 'திஷா' எனும் மாவட்ட வளர்ச்சி ஒருங்கிணைப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவுக்குப் பாராளுமன்ற உறுப்பினரே தலைவர். காலாண்டுக்கு ஒருமுறை அது கூட வேண்டும். ஊர் ஏரியின் பணி அதன் பொருள் நிரலில் இடம்பெறுமாறு எழுதிக் கொடுக்கலாம். இத்தொகுதி காஞ்சிபுரம், செங்கல்பட்டு, சென்னை உள்ளிட்ட மாவட்டங்களில் பரவியுள்ளது. ஆறு ஒன்று, குழு பல என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

4. விலை, காப்பீடு, உதவித்தொகை: நெல்லின் குறைந்தபட்ச ஆதரவு விலையை அறிவிப்பது மத்திய அரசு. பயிர்க் காப்பீட்டின் விதிகளும் அங்கிருந்தே வருகின்றன. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் உழவர் உதவித் திட்டம் நில உடைமையாளருக்கு மட்டுமே. தொழிற்பேட்டை வட்டாரத்தில் நிலம் ஒருவர் பெயரில் இருக்க, குத்தகைக்கு உழுபவர் வேறொருவராக இருப்பது வழக்கம். உழுபவருக்கு உதவி சேரும் வழியைக் கேட்பது நியாயமே.

5. தொகுதி மேம்பாட்டு நிதி: உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் இருக்கிறது என்று பலரும் எதிர்பார்ப்பதுண்டு. 23 லட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளர்களுக்கு அதைப் பங்கிட்டால் தலைக்குச் சுமார் 21 ரூபாய்தான். ஒரு மதகு, ஒரு சிறு பாலம் என உறுதியான சிறு வேலையை மதிப்பீட்டோடு கேட்டால் பலன் உண்டு. ஏரி முழுவதையும் இதில் சீர்செய்துவிடலாம் என்பது வீண் நம்பிக்கை.

பாலாற்றுத் தண்ணீர்

எம்.பி.யின் பொறுப்பில் இன்னொன்று, மாநிலங்களுக்கு இடைப்பட்ட ஆறு. ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்கு மழைநீர் மட்டும் ஆதாரம் அன்று. பாலாற்றின் வெள்ள நீரைக் கம்பன் கால்வாய் வழியே பல ஏரிகளுக்குக் கொடுத்து, ஸ்ரீபெரும்புதூர் ஏரி வரையும் அப்பால் செம்பரம்பாக்கம் வரையும் கொண்டுவரும் ஏற்பாடு உண்டு. கர்நாடகத்தில் நந்திமலைப் பகுதியில் தோன்றும் பாலாறு, ஆந்திரத்தைக் கடந்து, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடுகிறது. 1892ஆம் ஆண்டுச் சென்னை - மைசூர் ஒப்பந்தத்தில் இடம்பெற்ற ஆறு இது. ஆந்திரம் குப்பம் பகுதியில் அணை கட்ட முற்பட்டதை எதிர்த்து 2006இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றம் சென்றது. வேலூர்ப் பகுதியில் தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்தது குறித்து 1996இலும், மீண்டும் 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மாநிலங்களுக்கு இடைப்பட்ட ஆறுகளைப் பற்றிச் சட்டம் இயற்றும் அதிகாரம் பாராளுமன்றத்துக்கு உண்டு. ஆகவே பாலாற்றின் பேச்சு எம்.பி. தேர்தலில் எழுவதே பொருத்தம். அதே வேளையில், வெள்ளம் வரும் சில நாட்களில் கால்வாய் திறந்து கிடந்தால்தான் தண்ணீர் ஏரிக்கு வரும். கால்வாயில் கருவேலமும் கட்டடக் கழிவும் நிறைந்திருந்தால், ஒப்பந்தத்தால் மட்டும் பயனில்லை.

வாக்களிக்க மறுப்பது பற்றி

பரந்தூர் விமான நிலையத் திட்டம் 2022இல் அறிவிக்கப்பட்டது. விளைநிலமும் நீர்நிலையும் போகும் என்று எதிர்த்துவரும் ஏகனாபுரம் மக்கள் 2024 பாராளுமன்றத் தேர்தலைப் புறக்கணித்தனர். அவர்களுடைய குறை நாடறியும் செய்தியாயிற்று. அதனைச் சிறுமைப்படுத்த எவருக்கும் உரிமை இல்லை.

எனினும் சட்டத்தின் நிலையை அறிவது நலம். இந்தியத் தேர்தலில் இத்தனை சதவீதம் வாக்கு விழுந்தாக வேண்டும் என்ற விதி இல்லை. ஓர் ஊர் முழுவதும் வாக்களிக்காவிட்டாலும் முடிவு செல்லும். 2013 முதல் வாக்கு இயந்திரத்தில் 'மேற்கண்ட எவரும் இல்லை' என்ற பொத்தான் உண்டு. அதில் விழும் வாக்கு எண்ணப்படும், அச்சில் வரும். முடிவை அதுவும் மாற்றாது. எந்த வழியைத் தேர்ந்தாலும், அதன் பலன் எவ்வளவு என்று தெரிந்து தேர்வது நல்லது.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

தேர்தல் அறிவிப்பு வந்தபின் மனு எழுதுவதில் பயன் குறைவு. நாற்றுக்கு முன்னரே நிலத்தைப் பண்படுத்துவதுபோல், முன்கூட்டியே செய்ய வேண்டியவை சில.

முதலாவதாக, ஊர் ஏரிக்கு ஒரு பதிவேடு தேவை. சர்வே எண், நீர்ப்பரப்பு, ஆயக்கட்டு ஏக்கர், வரத்துக் கால்வாய் தொடங்கும் இடம், மதகுகளின் நிலை, கலிங்கல் உயரம், ஆண்டுதோறும் ஏரி நிறைந்த நாள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்தல் வேண்டும். நீர்க்கட்டியாக இருந்த பெரியவர்களுக்கு இவற்றில் பல தெரியும். அவர்கள் காலத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவதாக, அதைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கூட்டம் இதற்கு ஏற்ற நாள். தீர்மான நகலைக் கையெழுத்துடன் பெற்று வைப்பது அவசியம்.

மூன்றாவதாக, அதே நகலுடன் கீழ்ப்பகுதிக்குச் செல்ல வேண்டும். முடிச்சூர், வரதராஜபுரம், அனகாபுத்தூர் பக்கத்துக் குடியிருப்போர் நலச் சங்கங்கள் ஒவ்வொரு ஐப்பசியிலும் வானத்தைப் பார்த்துப் பயந்து கிடப்பவர்கள். "எங்கள் ஏரி நிறைந்தால் உங்கள் வீடு நனையாது" என்று எளிமையாகச் சொன்னால் அவர்களுக்குப் புரியும். விவசாயிகள் மட்டும் கேட்டால் அது சில ஆயிரம் பேரின் கோரிக்கை. ஆற்றின் இரு முனையும் சேர்ந்து கேட்டால் லட்சக்கணக்கான வாக்காளர்களின் கோரிக்கை. எந்தக் கட்சி வேட்பாளரும் அதைத் தள்ளிவிட முடியாது.

நான்காவதாக, வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளதா என்று தேர்தலுக்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். நிலத்தை விற்றுவிட்டு வேறு ஊர் போனவர்களும், வாடகை அறைகளில் தங்கி ஆலையில் வேலை செய்யும் இளைஞர்களும் பட்டியலில் விடுபடுவது சகஜம். புதிதாகச் சேர படிவம் 6, இடம் மாற்ற படிவம் 8.

ஏரி வாரியத்தின் பாடம்

இதே காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அவை, குடவோலை மூலம் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்த முறையை விவரிக்கின்றன. அவற்றுள் ஒன்று ஏரி வாரியம்; உறுப்பினர் அறுவர், பதவிக்காலம் 360 நாள். முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினரும் ஓலையில் பெயர் எழுதத் தகுதியற்றவர்.

அச்சபை நிலமும் வேதக் கல்வியும் உடைய பிராமண ஆண்களின் சபை. பெண்களுக்கும், அந்த ஏரியின் மண்ணைச் சுமந்த உழைப்பாளிகளுக்கும் அதில் இடமில்லை. இன்றோ நாற்று நடும் பெண்ணுக்கும், குத்தகை உழவருக்கும், ஆலை முதலாளிக்கும் ஆளுக்கு ஒரு வாக்குதான். அந்த வகையில் இன்றைய முறை எவ்வளவோ மேலானது. ஆனால் ஏரிக்கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி பதவி இல்லை என்ற ஒரு விதியை அன்றைய சபை கல்லில் வெட்டி வைத்தது. இன்று அதை எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வாக்காளர்தான் சொல்ல வேண்டும். அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவரிடம் ஊர் ஏரியின் பதிவேட்டை நீட்டி, "சென்ற ஐந்து ஆண்டில் இதில் என்ன ஏறியது?" என்று கேட்பதே அதற்குத் தொடக்கம்.